ரெஸில்மேனியாவுக்கு முந்தைய பத்து வாரங்கள்

ரெஸ்லிங் பார்க்காதவர்கள் பார்ப்பவர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. யார் ஜெயிப்பார் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்களே, அப்புறம் அதில் பார்க்க என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதான். முடிவு முன்பே தீர்மானிக்கப்படுவது உண்மை. ரெஸில்மேனியாவை நடத்தும் டபிள்யூடபிள்யூஇ நிறுவனமே அதை இப்போது மறைப்பதில்லை. ஆனால் பாரதக் கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு, பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான் என்று தெரியாதா என்ன? தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் விழும்போது அந்த விழுகைக்கு ஒரு கனம் இருக்க வேண்டும். முந்தைய இரவுகள் எல்லாம் அந்தக் கனத்தை ஏற்றுவதற்காகத்தான்.

ரெஸ்லிங்கில் இப்படிக் கனம் ஏற்றும் வேலையை 'பில்ட்-அப்' என்பார்கள். ரசிகர்கள் பேச்சில் வெறும் 'பில்ட்'. "மேட்ச் பரவாயில்லை, பில்ட்தான் சொதப்பல்" என்று ஒருவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உலகிலேயே பெரிய ரெஸ்லிங் நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவை வைத்து, பில்ட் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். கிரிக்கெட் உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்துக்கு எந்த இரண்டு அணிகள் வரும் என்பதை முந்தைய ஆட்டங்களே சொல்லிவிடும். யாரும் உட்கார்ந்து காரணம் யோசிக்க வேண்டியதில்லை. ரெஸ்லிங்கில் புள்ளிப் பட்டியல் கிடையாது. யாரை வேண்டுமானாலும் யாரோடும் மோதவிடலாம். அதனாலேயே, ஏன் இந்த இருவர், ஏன் இந்த இரவில், தோற்றால் இவருக்கு என்ன போகும் என்பதையெல்லாம் யாராவது உருவாக்கியாக வேண்டும். என்னைக் கேட்டால், நல்ல பில்ட் பார்ப்பவர் மனதில் ஒரே ஒரு கேள்வியை ஊன்றும். பதிலை அந்த மேட்ச் மட்டும்தான் தர முடியும் என்று அவரை நம்பவைக்கும். மற்றதெல்லாம் அதற்கான கருவிகள்.

இந்தப் பழக்கத்தின் வேர் காசில் இருக்கிறது. அமெரிக்காவில் டிவி பரவிய காலத்தில் ஒவ்வொரு ரெஸ்லிங் கம்பெனியும் ஒரு வட்டாரத்தைக் கையில் வைத்திருந்தது. டிவியில் பார்ப்பது இலவசம். வருமானம் ஊர் அரங்கத்தில் விற்கும் டிக்கெட்டில்தான் வந்தது. பெரிய சண்டையை டிவியிலேயே முழுதாகக் காட்டிவிட்டால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? அதனால் சண்டைக்கான காரணத்தை டிவியில் காட்டினார்கள், சண்டையை அரங்கத்துக்கு ஒதுக்கிவைத்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிராளியை ஏன் விடமாட்டேன் என்று முழங்குவார். அந்தப் பேச்சுக்குப் பெயர் 'புரோமோ'. இன்று வருமானம் வரும் வழிகள் மாறிவிட்டன. ரெஸில்மேனியா டிக்கெட்டுகள் யார் யாரோடு மோதுகிறார் என்று அறிவிக்கும் முன்பே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. ஆனாலும் காரணத்தை வாரா வாரம் காட்டு, சண்டையைக் கடைசிவரை ஒதுக்கிவை என்ற அடிப்படை மாறவில்லை.

இன்னும் சில சொற்கள். ரசிகர்கள் கைதட்ட வேண்டிய நல்லவர் 'ஃபேஸ்'. திட்ட வேண்டிய கெட்டவர் 'ஹீல்'. ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுவது 'டர்ன்'. யார் எப்போது யாரிடம் தோற்பது என்று முடிவு செய்யும் வேலை 'புக்கிங்'. கதையை நிஜம்போலக் காப்பாற்றும் பழக்கம் 'கேஃபேப்'. ஒரு காலத்தில் ஃபேஸும் ஹீலும் ஒரே காரில் ஊருக்கு ஊர் போவதைக்கூட ரசிகர் கண்ணில் படாமல் மறைத்தார்கள். இன்று அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. நிஜ வாழ்க்கையையே கதைக்குள் கொண்டுவந்து, எது நிஜம் எது கதை என்று குழம்பவிடுவதுதான் இன்றைய பாணி.

முடிவு மட்டும்தான் முன்பே எழுதப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு படும் பாடு நிஜம். 2022 ஜூனில் கோடி ரோட்ஸ் மார்புத் தசை கிழிந்த நிலையில் இரும்புக் கூண்டுக்குள் செத் ராலின்ஸோடு மோதினார். மார்பின் ஒரு பக்கமும் மேல்கையும் கருஊதா நிறத்தில் இருந்ததை உலகமே பார்த்தது. அந்த நிறம் மேக்கப் இல்லை.

எளிய உதாரணம்: 1987

பில்ட் என்றால் என்ன என்று ஒரே ஒரு உதாரணம் காட்டச் சொன்னால், மூன்றாவது ரெஸில்மேனியாவைத்தான் காட்டுவேன். ஹல்க் ஹோகன் 1984 ஜனவரியிலிருந்து சாம்பியன். ஆண்ட்ரே தி ஜெயன்ட் அவருடைய நண்பர். ஏழடி நாலங்குலம் என்று அறிவிக்கப்பட்ட, எல்லோரும் நேசித்த ராட்சத மனிதர். 1987 தொடக்கத்தில் ஹோகனுக்கு மூன்றாண்டு சாம்பியன் என்று பெரிய கோப்பை ஒன்று கொடுத்தார்கள். அப்புறம் ஆண்ட்ரேவுக்கு, பதினைந்து ஆண்டுகள் தோற்காதவர் என்று ஒரு கோப்பை. அது ஹோகனுடையதைவிடச் சின்னது. ஹோகன் வாழ்த்த வருகிறார். ஆண்ட்ரே ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுகிறார். அவ்வளவுதான் காட்சி.

சில வாரம் கழித்து ஆண்ட்ரே வருகிறார். பக்கத்தில் நிற்பவர் பாபி ஹீனன், ஹோகனின் பரம எதிரிகளை மேய்க்கும் மேனேஜர். ஹோகனால் நம்ப முடியவில்லை. ரெஸில்மேனியாவில் உன்னோடு மோத வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆண்ட்ரே ஹோகனின் சட்டையையும் கழுத்திலிருந்த சிலுவையையும் பிய்த்து எறிகிறார். இந்த இடத்தில் ஒரு அடிகூட விழவில்லை என்பதைக் கவனியுங்கள். நண்பன் துரோகியாகிவிட்டான், அவனைத் தூக்கிப்போட எவராலும் முடியாது, ஹோகனால் முடியுமா? கேள்வி இவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இதில் பாதி நிஜமில்லை. ஆண்ட்ரே அதற்கு முன்பும் தோற்றிருக்கிறார். ஹோகன், ஆண்ட்ரே இருவரும் 1980இலேயே நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் மோதியிருக்கிறார்கள். அப்போது ஹோகன்தான் ஹீல். இணையம் இல்லாத காலம் என்பதால் பழையதை மறக்கடிக்க முடிந்தது. 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலம் பாண்டியாக்கின் சில்வர்டோமில் 93,173 பேர் கூடினார்கள் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைப் பற்றி இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆனால் படங்களைப் பார்த்தால் அரங்கம் விளிம்புவரை நிரம்பியிருப்பது தெரியும். ஆண்ட்ரேவுக்கு அப்போது முதுகு மிகவும் மோசம், வேகமாக நகர முடியாது. விளையாட்டாக மட்டும் பார்த்தால் அது சுமாரான மேட்ச். ஹோகன் அவரைத் தூக்கிப்போட்ட அந்த ஒரு நொடியை நாற்பது ஆண்டுகளாக மறுபடி மறுபடி காட்டுகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அந்தச் சின்னக் கோப்பை.

ஜனவரியில் தொடங்கும் பாதை

இப்போது ஆண்டின் கணக்கு ஓரளவு நிலையாகிவிட்டது. ரா, ஸ்மாக்டவுன் என்று வாரம் இரண்டு பெரிய நிகழ்ச்சிகள். அவற்றுக்கு நடுவே சில வாரங்களுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ஆண்டின் உச்சம் ரெஸில்மேனியா, பெரும்பாலும் ஏப்ரலில். அதை நோக்கிய பாதை ஜனவரி இறுதியில் ராயல் ரம்பிளோடு தொடங்குகிறது.

ரம்பிள் விதி எளிது. இரண்டு பேர் தொடங்குவார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொருவராக வந்து மொத்தம் முப்பது பேர் ஆவார்கள். மேல் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்து இரண்டு காலும் தரையில் பட்டால் அவர் அவுட். கடைசியில் நிற்பவர் வெற்றி. 1993லிருந்து வெற்றி பெறுபவருக்கு ரெஸில்மேனியாவில் சாம்பியனோடு மோதும் உரிமை கிடைக்கிறது. ஜெயித்தவர் அரங்கக் கூரையில் தொங்கும் ரெஸில்மேனியா பலகையை நோக்கி விரல் நீட்டுவார். ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு அது. எனக்கு அதில் அலுப்பே வந்ததில்லை. அந்த விரல் நீண்டதும் கதைக்கு ஒரு தேதியும் ஒரு இடமும் கிடைத்துவிடுகிறது.

அடுத்த பெரிய நிறுத்தம் எலிமினேஷன் சேம்பர், இரும்புக் கூண்டுக்குள் ஆறு பேர் மோதும் நிகழ்ச்சி. ரம்பிளில் நிரம்பாத இடங்களை அது நிரப்பும். ரெஸில்மேனியாவுக்கு முந்தைய கடைசி ரா, ஸ்மாக்டவுன் நிகழ்ச்சிகளை 'கோ-ஹோம்' என்பார்கள். பார்ப்பவர் மனதில் கடைசியாகத் தங்கப்போகும் படம் அங்கேதான் உருவாகும் என்பதால் எழுத்தாளர்கள் அதை மிகக் கவனமாகச் செய்வார்கள்.

கோடி ரோட்ஸின் கதை

எல்லாக் கருவிகளும் ஒரே இடத்தில் தெரிய வேண்டுமானால் 2024இல் பிலடெல்பியாவில் நடந்த நாற்பதாவது ரெஸில்மேனியாவைப் பார்க்க வேண்டும். அதன் வேர் 1977க்குப் போகிறது. அந்த ஆண்டு கோடியின் அப்பா டஸ்டி ரோட்ஸ், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சாம்பியன் பில்லி கிரஹாமைக் 'கவுண்ட் அவுட்' முறையில் வென்றார். அதாவது கிரஹாம் எண்ணிக்கை முடிவதற்குள் ரிங்குக்குத் திரும்பவில்லை. அப்படி ஜெயித்தால் சாம்பியன் பட்டத்தின் அடையாளமான பெல்ட் கை மாறாது என்பது விதி. ஜெயித்தும் டஸ்டிக்கு பெல்ட் கிடைக்கவில்லை. அந்த பெல்ட் அவர் வாழ்நாளில் கடைசிவரை கிடைக்கவே இல்லை. 2015இல் இறந்துபோனார்.

மகன் கோடி அதே கம்பெனியில் பல ஆண்டுகள் இரண்டாம் வரிசையில் இருந்தார். 2016இல் வெளியேறினார். 2019இல் ஏஇடபிள்யூ என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 2022 ரெஸில்மேனியாவில் திரும்பி வந்தார். வந்ததும் சொன்னது, அப்பாவுக்குக் கிடைக்காத பெல்ட்டுக்காக வந்திருக்கிறேன், கதையை முடிக்க வேண்டும் என்பதுதான். நிஜ வாழ்க்கையைக் கதையாக்குவது என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். அப்பாவும் நிஜம், இழப்பும் நிஜம், பெல்ட்டை யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும் எழுத்தாளர் கையில்.

எதிர்ப்பக்கம் ரோமன் ரெய்ன்ஸ். 2020 ஆகஸ்டிலிருந்து சாம்பியன். சமோவா வழிவந்த ரெஸ்லிங் குடும்பத்துப் பிள்ளை. தன் உறவினர்களை வைத்தே 'பிளட்லைன்' என்ற கூட்டத்தை நடத்தினார். அவர் தோற்கப்போகும் நேரம் பார்த்து யாராவது ஒரு சொந்தக்காரர் குறுக்கே வருவார். இதை ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும், வர வேண்டும் என்றுதான் செய்தார்கள். ஹீலுக்கு எதிராக ரசிகர்களிடம் சேரும் இந்தக் கோபத்தை 'ஹீட்' என்பார்கள். ஹீட் சேரச் சேர அவரை வீழ்த்தப்போகிறவரின் மதிப்பும் ஏறும்.

2023இல் கோடி ரம்பிளை வென்று ரெஸில்மேனியாவில் ரோமனை எதிர்கொண்டார். எல்லோரும் கோடிதான் என்று நினைத்திருந்தபோது பிளட்லைன் ஆளான சோலோ சிகோவா குறுக்கே வந்து அடிக்க, கோடி தோற்றார். அன்று பலர் கோபப்பட்டார்கள். பழுத்த கதையைப் பறிக்காமல் விட்டுவிட்டார்கள், அடுத்த ஆண்டு யாருக்கும் அக்கறை இருக்காது என்ற பேச்சு பரவலாக இருந்தது. அந்த ஆபத்து நிஜமானதும்கூட. ஒத்திப்போட்ட வெற்றி புளித்துப்போன உதாரணங்கள் ரெஸ்லிங்கில் நிறைய. ஆனால் கோடி விஷயத்தில் அந்தத் தோல்வி கேள்வியைக் கூர்மையாக்கியது என்றே நினைக்கிறேன். 'ஜெயிப்பாரா' என்று இருந்தது, 'இன்னொரு வாய்ப்பு கிடைக்குமா' என்று ஆனது.

கிடைத்தது. 2024 ஜனவரி 27 அன்று ஃபுளோரிடாவில் நடந்த ரம்பிளில் கோடி கடைசியாக சிஎம் பங்க்கை வெளியே தள்ளி மறுபடியும் ஜெயித்தார். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் பிறகு ஆண்களில் தொடர்ந்து இரண்டு ரம்பிள் வென்றவர் அவர்தான். விரல் நீண்டது. ரெஸில்மேனியாவுக்குப் பத்து வாரம்.

ஆறாவது நாளே கதை தடம் மாறியது. பிப்ரவரி 2 ஸ்மாக்டவுனில் கோடி ரோமனின் எதிரே நின்று, உன்னைத் தேடி வருவேன், ஆனால் ரெஸில்மேனியாவில் இல்லை என்றார். தி ராக் உள்ளே வந்தார். கோடி இடத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். ராக்கும் ரோமனும் நேருக்கு நேர் முறைத்துக்கொள்ள நிகழ்ச்சி முடிந்தது. வியாபாரமாகப் பார்த்தால் பிரமாதமான யோசனை: ஹாலிவுட் நட்சத்திரம், சாம்பியனின் உறவுக்காரர், ரசிகர்கள் பல ஆண்டுகள் கேட்ட மோதல். போதாததற்கு ராக் அப்போதுதான் தாய் நிறுவனமான டிகேஓவின் இயக்குநர் குழுவில் சேர்ந்திருந்தார்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். யூடியூபில் அந்தக் காட்சிக்கு டிஸ்லைக் குவிந்தது. அரங்கங்களில் 'வி வான்ட் கோடி' என்ற கோஷம் எழுந்தது. ராக் மேல் வெறுப்பு என்று இதைப் புரிந்துகொள்ளக்கூடாது. ஒரு கேள்வியை ஓராண்டுக்கும் மேலாக மனதில் ஊன்றிவிட்டு, பதில் சொல்லும் நேரத்தில் வேறு கேள்வியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்ப்பவர்கள் அதை ஏற்கவில்லை.

2014இலும் இது நடந்திருக்கிறது. அந்த ஆண்டு ரம்பிளை பட்டிஸ்டா வென்றார். அரங்கமோ டேனியல் பிரையனைக் கேட்டுக் கத்தியது. முப்பதாவதாக பிரையன் வருவார் என்று காத்திருந்த கூட்டம், ரே மிஸ்டீரியோ வந்தபோது, எல்லோரும் நேசிக்கும் அந்த மிஸ்டீரியோவையே கூச்சலிட்டு வரவேற்றது. வாரக்கணக்கில் அந்தச் சத்தம் அடங்கவில்லை. கடைசியில் பிரையனையும் முக்கிய மேட்ச்சில் சேர்த்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒரே இரவில் டிரிபிள் ஹெச்சையும், அப்புறம் ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா இருவரையும் தாண்டி அவர் பெல்ட் வாங்கினார். புக்கிங் செய்பவர்கள் எழுதுவதை அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திருத்த முடியும். சினிமாவிலோ தொடரிலோ இது இவ்வளவு வேகமாக நடக்காது. ரெஸ்லிங்கை நான் விடாமல் பார்ப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

2024இல் திருத்தம் ஒரே வாரத்தில் வந்தது. பிப்ரவரி 8, லாஸ் வேகஸ், செய்தியாளர் சந்திப்பு பாணியில் ஒரு நிகழ்ச்சி. ரோமன், ராக் இருவரும் மேடையில். கோடி வந்து, ரம்பிளை வென்றவன் நான், யாரோடு மோதுவது என்று நான்தான் தேர்ந்தெடுப்பேன், ரோமனைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றார். பேச்சு குடும்பத்துப் பெரியவர்கள் பக்கம் போனதும் ராக் கோடியைக் கன்னத்தில் அறைந்தார். அந்த அறையோடு ராக் ஹீல் ஆனார். ரசிகர்களின் நிஜமான கோபத்தை அப்படியே எடுத்துக் கதையின் எரிபொருளாக்கினார்கள். நீங்கள் கோடியிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேன் என்று என்னைத் திட்டினீர்களோ, அதை நிஜமாகவே பிடுங்கத்தான் வந்திருக்கிறேன் என்று ராக் நடந்துகொண்டார். இவ்வளவு சாமர்த்தியமான திருப்பத்தை ரெஸ்லிங்கில் நான் அதிகம் பார்த்ததில்லை.

மார்ச்சில் நிபந்தனைகள் சேர்ந்தன. ரெஸில்மேனியா இரண்டு இரவு நிகழ்ச்சி. முதல் இரவில் ராக்கும் ரோமனும் ஒரு பக்கம், கோடியும் செத் ராலின்ஸும் மறுபக்கம். கோடி பக்கம் ஜெயித்தால் மறுநாள் பட்டத்துக்கான மேட்ச்சில் பிளட்லைன் ஆட்கள் அருகே வரக்கூடாது. தோற்றால் மறுநாள் எந்த விதியும் கிடையாது, யார் வேண்டுமானாலும் குறுக்கே வரலாம். இப்படி நிபந்தனை வைப்பதன் பயன், முதல் இரவு மேட்ச்சுக்கும் ஒரு பாரம் வந்துவிடுகிறது. கோடி 2023இல் எப்படித் தோற்றார் என்று நினைவிருப்பவர்களுக்கு இந்த நிபந்தனையின் பயமும் உடனே புரியும்.

மார்ச் 25, சிகாகோ பக்கத்தில் நடந்த ரா. நிகழ்ச்சியின் கடைசியில் ராக் கோடியை அரங்கத்துக்கு வெளியே இழுத்துப்போய், கொட்டும் மழையில் ரத்தம் வரும்வரை அடித்தார். 'மாமா ரோட்ஸ்' என்று கோடியின் அம்மாவைக் குறித்து எழுதிய ஒரு பெல்ட்டை அவர் தயாராக வைத்திருந்தார். அதில் கோடியின் ரத்தத்தைத் தேய்த்துக் கேமராவுக்குக் காட்டினார். டபிள்யூடபிள்யூஇயில் ரத்தம் அரிதாகிவிட்ட காலம் அது. அரிதானதாலேயே அந்தக் காட்சி உறைத்தது. வாரா வாரம் ரத்தம் காட்டியிருந்தால் இது இன்னொரு சண்டையாகப் போயிருக்கும். பில்ட்டில் அளவு முக்கியம். பெரிய காட்சியை எத்தனை வாரம் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது.

நடுவில் ஒரு விபத்து. ரம்பிளிலேயே சிஎம் பங்க்குக்குக் கையின் பின்தசை கிழிந்துவிட்டது, ரெஸில்மேனியாவுக்கு வர முடியாது. கதை எழுதுபவர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அந்த இடத்துக்கு ட்ரூ மெக்கின்டயர் வந்தார். பங்க்கின் காயத்தைக் கேலி செய்வதையே தன் பில்ட்டாக்கினார். ரெஸில்மேனியாவில் செத் ராலின்ஸை வென்று அவரிடமிருந்த இன்னொரு உலகப் பட்டத்தை வாங்கியவர், வாங்கிய கையோடு வர்ணனை மேசையில் இருந்த பங்க்கைச் சீண்டினார். பங்க் அடித்துவிட, எப்போது வேண்டுமானாலும் சாம்பியனோடு மோதும் உரிமையைக் கையில் வைத்திருந்த டேமியன் பிரீஸ்ட் அந்த நேரம் பார்த்து வந்து பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். பங்க்-மெக்கின்டயர் பகை அந்த அக்டோபர் வரை ஓடி, கூண்டு மேட்ச்சில் பங்க் ஜெயித்து முடிந்தது. காயத்தில் தொடங்கிய அந்தப் பகை, என் கணக்கில் அந்த ஆண்டின் மிகச் சிறந்த கதைகளில் ஒன்று.

ஏப்ரல் 6, முதல் இரவு. ராக் கோடியை மூன்று எண்ணும்வரை அமுக்கி ஜெயித்தார். மறுநாள் விதியே கிடையாது. ஏப்ரல் 7 அன்று ரோமன்-கோடி மேட்ச்சின் கடைசிப் பகுதியில் ஒவ்வொருவராக வந்தார்கள். பிளட்லைன் ஆள் ஜிம்மி ஊசோ வந்தார், அவரைத் தடுக்க இரட்டைச் சகோதரர் ஜே வந்தார். சோலோ வந்தார், ஜான் சீனா வந்து சோலோவைச் சாய்த்தார். சீனாவை எதிர்கொள்ள ராக் வந்தார். 2012, 2013 ரெஸில்மேனியாக்களில் இந்த இருவரும் மோதியதைப் பார்த்தவர்களுக்கு அந்த முறைப்பே ஒரு விருந்து. மணியோசையோடு வரும் பழைய ஜாம்பவான் அண்டர்டேக்கரின் மணி ஒலித்து, விளக்கணைந்து எரிந்தபோது ராக் அவர் பிடியில் இருந்தார். புதிதாகப் பார்ப்பவருக்கு இது வெறும் கூட்டநெரிசலாகத் தெரியலாம். வந்தவர் ஒவ்வொருவரும் பழைய கணக்கு ஒன்றைத் தீர்க்க வந்தவர்.

அதில் ஒரு கணக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். செத் ராலின்ஸ் பழைய 'ஷீல்ட்' குழுவின் கறுப்பு உடையில் வந்தார். செத், ரோமன், டீன் அம்ப்ரோஸ் மூவரும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். 2014 ஜூனில் செத் ரோமனின் முதுகில் இரும்பு நாற்காலியால் அடித்துக் குழுவை உடைத்தார். பத்து ஆண்டு கழித்து இப்போது நாற்காலி ரோமன் கையில். எதிரே கோடி விழுந்து கிடக்கிறார், பக்கத்தில் அதே உடையில் செத். கோடியை அடித்தால் பட்டம் தங்கும். ரோமன் செத்தைப் பார்த்தார். நாற்காலியை செத்தின் முதுகில் இறக்கினார். அந்த இடைவெளியில் கோடி எழுந்தார், தன் 'கிராஸ் ரோட்ஸ்' அடியை மூன்று முறை போட்டு ஜெயித்தார். 1,316 நாள் நீடித்த ஆட்சி பழைய துரோகம் ஒன்றை மறக்க முடியாததால் முடிந்தது. வர்ணனையாளர் விளக்காமலே அரங்கத்துக்கு அது புரிந்தது. பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு திங்கள்கிழமைக் காட்சியையும் பில்ட்டின் பகுதியாக்கும் இந்த நினைவாற்றல் வேறெந்தக் கேளிக்கையில் இருக்கிறது?

சொதப்பிய பில்ட்

அடுத்த ஆண்டே நேரெதிரான உதாரணம் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் ராக் திரும்பி வந்து கோடியின் ஆன்மாவைக் கேட்டார், அதாவது தன் ஆளாக மாறச் சொன்னார். மார்ச் 1, டொராண்டோ: கோடி மறுத்தார். கட்டியணைத்து ஆறுதல் சொன்ன ஜான் சீனா, ராக்கின் சைகை கிடைத்ததும் கோடியைத் தாக்கினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவராகவே இருந்தவர், ஓய்வு பெறும் ஆண்டில் ஹீல் ஆகிறார். அரங்கம் உறைந்துபோனது. அந்த இரவைப் பார்த்தவர்கள் இதுவரை வந்ததிலேயே பெரிய பில்ட் இதுதான் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

அப்புறம் ராக் வரவில்லை. ரெஸில்மேனியாவுக்கு முந்தைய ஏழு வாரத்திலும் வரவில்லை, ரெஸில்மேனியாவிலும் வரவில்லை. சீனா பிரஸ்ஸல்ஸில் ரசிகர்களைப் பார்த்துக் கசப்போடு பேசிய புரோமோ அருமையானது, அதை மறுக்க முடியாது. ஆனால் டொராண்டோவில் ஊன்றிய கேள்வி, ராக்கிடம் சீனா ஏன் தன்னை விற்றார் என்பது. அதை யாரும் மறுபடி தொடவே இல்லை. லாஸ் வேகஸில் முக்கிய மேட்ச்சில் குறுக்கே வந்தவர் ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட். சீனா பதினேழாவது முறையாக உலகப் பட்டம் வென்று சாதனை படைத்தார், அரங்கத்தில் அதற்கேற்ற ஆரவாரம் இல்லை. மேட்ச் சரியில்லை என்று பலர் எழுதினார்கள். மேட்ச்சில் குறை இருந்தது உண்மைதான், ஆனாலும் அடி விழுந்த இடம் அதுவல்ல. கேள்வி கேட்டவரே காணாமல் போனால் பதில் சொல்ல ஆள் ஏது?

முதல்முறை பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. 2024இன் மூன்று துண்டுகளை இந்த வரிசையில் பாருங்கள்: பிப்ரவரி 8 லாஸ் வேகஸ் நிகழ்ச்சியில் அந்த அறை, மார்ச் 25 ரா நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிடம், அப்புறம் ஏப்ரல் 7 முக்கிய மேட்ச் முழுதும். பிடித்திருந்தால் அடுத்த ராயல் ரம்பிளிலிருந்து வாரா வாரம் பின்தொடரலாம். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் எல்லாமே நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. எல்லாக் கதைகளையும் பிடிக்க முயல வேண்டாம். ஒரே ஒரு பகையைத் தேர்ந்தெடுத்து அதன் கேள்வி எது என்று கண்டுபிடித்துக்கொண்டால் போதும், மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.